காற்று உறைமண்ணைத் தொடுவதில்லை

ஒருவர் கேட்டிருந்தார்: "சைபீரியாவில் உறைமண் உருகுகிறது, மீத்தேன் குண்டு வெடிக்கப் போகிறது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். காற்று சூடாவதால் மண் உருகுகிறதா, மண் உருகுவதால் காற்று சூடாகிறதா? எது முதல்?"

சுருக்கமாகச் சொன்னால் இரண்டும் உண்மை, வேகம்தான் வேறு. இன்றைய கதையில் முதல் அடி வைத்தது காற்று. நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் அதைச் சூடாக்கின; ஆர்க்டிக் பகுதி 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. மண் அதற்கு நிதானமாக, தவணை முறையில் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் காற்று உறைமண்ணை நேரடியாகத் தொடுவதே இல்லை. நடுவே பனி, பாசி, செடி, தண்ணீர், மண்ணுக்குள் கிடக்கும் ஐஸ் என்று ஒரு தரகர் கூட்டம் இருக்கிறது. எங்கே எவ்வளவு உருகும், உருகினால் என்ன வாயு வரும் என்பதைப் பெரும்பாலும் இந்தத் தரகர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். வீடியோக்களில் இவர்கள் வருவதில்லை, அதனால்தான் இந்தப் பதில் நீளமாகிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பெர்மாஃப்ராஸ்ட் என்பதை 'நிரந்தர உறைபனி' என்று எழுதுகிறார்கள். அது பனி இல்லை, மண். நிரந்தரமும் இல்லை என்று இப்போது தெரிகிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கிற நிலம் எதுவானாலும் பெர்மாஃப்ராஸ்ட்தான். காய்ந்த பாறைகூடக் கணக்கில் சேரும். நான் உறைமண் என்றே எழுதுகிறேன். தமிழில் இன்னொரு சிக்கல், எல்லாவற்றையும் பனி என்று சொல்லிவிடுகிறோம். இங்கே பனி என்றால் வானத்திலிருந்து விழுவது, ஐஸ் என்றால் தண்ணீர் உறைந்து கட்டியானது.

இப்போது ஒரு கிணற்றுக்கு வருவோம். கிழக்கு சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்ற ஊரில், ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபியோதர் ஷெர்கின் 1828-இல் தண்ணீருக்காகக் கிணறு வெட்ட ஆரம்பித்தார். 1837 வரை வெட்டினார்கள். 116 மீட்டர் ஆழம் போயும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அடிமண்ணும் உறைந்தே கிடந்தது. 1840-களில் அலெக்சாண்டர் ஃபான் மிட்டென்டார்ஃப் என்ற ஆய்வாளர் அதே கிணற்றில் இறங்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை அளந்தார். தண்ணீருக்காகத் தோண்டிய கிணறு உறைமண் அறிவியலின் முதல் ஆய்வுக்கூடமாக ஆனது இப்படித்தான்.

அந்த அளவீடு ஏன் முக்கியம் என்று நம் ஊர்க் கிணற்றை வைத்தே சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், மார்கழி விடியற்காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். கிணறு மாறுவதில்லை, மேலே இருக்கும் காற்றுதான் மாறுகிறது. பகலின் சூடு மண்ணில் சில பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. கோடை, குளிர்கால ஏற்றத்தாழ்வும் 10, 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே போய்ச் சேருவது பல ஆண்டுகளின் சராசரி மட்டும்தான், அதுவும் தாமதமாக. ஆகவே ஆழத்தில் இருக்கும் மண் பழைய காற்றின் நாட்குறிப்பு. 1986-இல் லாக்கன்புரூக், மார்ஷல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத்தான் படித்தார்கள். வடக்கு அலாஸ்காவின் ஆழ்துளைகளில் கீழே ஒழுங்காகச் சாய்ந்து வந்த வெப்பநிலைக் கோடு, மேலே வரும்போது சூட்டுப் பக்கம் வளைந்திருந்தது. நிலத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள் 2 முதல் 4 டிகிரி வரை சூடேறியிருக்கிறது என்று அந்த வளைவிலிருந்து கணக்கிட்டார்கள். வானிலை நிலையமே இல்லாத இடத்துக்கு மண்ணே சாட்சி சொன்னது.

இனித் தரகர்கள். பெரிய தரகர் பனி. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான், அதனால் அது கம்பளி மாதிரி வேலை செய்கிறது. குளிர்காலத்தில் மேலே மைனஸ் 40 இருக்கும்போது, அரை மீட்டர் பனிக்குக் கீழே மண் அதைவிடப் பல பத்து டிகிரி வெதுவெதுப்பாக இருக்க முடியும். 'பனி அதிகம் பெய்தால் உறைமண்ணுக்கு நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நேர்மாறு. முன்பனிக்காலத்திலேயே பனி தடிமனாக மூடிவிட்டால், கோடையில் வாங்கிய சூட்டை மண்ணால் வெளியே விட முடிவதில்லை. காற்று ஒரு டிகிரிகூட மாறாமல், பனி விழும் தேதி மட்டும் முன்னால் நகர்ந்தாலே போதும், கீழே மண் சூடேறும்.

ரஷ்ய ஆய்வாளர் செர்கி ஸீமோவ் இதை வைத்தே ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டிருக்கிறார். 1996-இல் வடகிழக்கு சைபீரியாவின் கோலிமா ஆற்றோரம் செர்ஸ்கி ஊருக்கு அருகே வேலி போட்டு, குதிரை, காட்டெருமை போன்ற விலங்குகளை மேயவிட்டார். புல்லைத் தேடி அவை பனியைக் கிளறி மிதிப்பதால் கம்பளி மெலிந்து குளிர் உள்ளே இறங்குகிறது. ஆர்க்டிக் முழுக்க இதைச் செய்ய எத்தனை லட்சம் குளம்புகள் வேண்டும் என்று கணக்குப் போட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் அடிப்படை இயற்பியல் சரி.

அடுத்த தரகர் பாசி. இது கொஞ்சம் சாமர்த்தியசாலி. கோடையில் காய்ந்து பஞ்சுபோல் இருக்கும், வெயிலைக் கீழே விடாது. குளிர்காலம் வருவதற்குள் ஈரத்தை இழுத்துக்கொண்டு உறைந்துவிடும். ஐஸ், தண்ணீரைவிட நான்கு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். எனவே குளிர்காலத்தில் மண்ணின் சூடு தாராளமாக வெளியேறுகிறது. உள்ளே வர வாசல் குறுகல், வெளியே போக அகலம். தரைப்பரப்பின் ஆண்டு சராசரி 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் கீழே உறைமண் பிழைத்திருக்கும் இடங்கள் உண்டு. அவற்றைக் காப்பாற்றுவது இந்தப் பாசிப் படுகைதான்.

தரகரை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கிழக்கு சைபீரியாவின் யாகுட்டியாவில் பத்தகாய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1960-களில் அங்கே காடு வெட்டப்பட்டது. நிழலும் பாசியும் போன இடத்தில் முதலில் ஒரு சிறு ஓடை அரித்தது, அப்புறம் ஐஸ் நிறைந்த மண் வெயில் பட்டுச் சரிய ஆரம்பித்தது. இன்று அது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். தலைப்பக்கச் சுவர் 50 மீட்டருக்கு மேல் உயரம். ஒவ்வொரு கோடையிலும் சுவர் சொட்டிச் சொட்டிப் பின்வாங்குகிறது. அடியில் 6,50,000 ஆண்டு பழைய ஐஸ் வெளியே தெரிகிறது. அத்தனை ஆண்டுகளில் வந்துபோன பல வெப்பக் காலங்களைத் தாண்டி நின்ற ஐஸ் அது. இன்றைய சூட்டில் சரிவு வேகம் பிடித்திருக்கலாம், ஆனால் ஆரம்பித்து வைத்தது கோடாரி.

மூன்றாவது தரகர் ஐஸ். அது ஆய்வாளர்களையே ஏமாற்றக்கூடியது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸை 0 டிகிரித் தண்ணீராக மாற்றத் தேவைப்படும் வெப்பத்தில், அதே ஒரு கிலோ தண்ணீரைக் கிட்டத்தட்ட 80 டிகிரி வரை சுடவைக்கலாம். அவ்வளவு வெப்பம் உள்ளே போகும், வெப்பமானியோ அசையாது. அலாஸ்காவின் வடகரையில் டெட்ஹார்ஸ் என்ற இடத்தில், குளிர்ந்த உறைமண்ணில் 20 மீட்டர் ஆழத்தில் 1980-களிலிருந்து சுமார் 3 டிகிரி ஏறியிருக்கிறது. தெற்கே, ஏற்கெனவே 0-வை ஒட்டியிருக்கும் உறைமண்ணில் ஏற்றம் குறைவு. உலகளவில் ஆழ்துளைகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் அதே கதை: 2007 முதல் 2016 வரை, தொடர்ச்சியாக உறைந்த வடபகுதிகளில் 0.39 டிகிரி, துண்டுதுண்டாக உறைந்த பகுதிகளில் 0.20 டிகிரி. 'தெற்கே பரவாயில்லை போலிருக்கிறதே' என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பம் அங்கே ஐஸை உருக்குவதில் செலவாகிறது. கைக்குழந்தை சத்தம் போடாமல் இருந்தால் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்போம் இல்லையா, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

சரி, இனி மண் காற்றுக்கு என்ன திருப்பித் தருகிறது?

வடக்கின் உறைமண் பகுதியில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் புதைந்திருக்கிறது. இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே என்ன பெரிய காடா, இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்று தோன்றும். செடி வளர்வது கொஞ்சம்தான், ஆனால் மக்குவது அதைவிடக் கொஞ்சம். வேர் செத்தது, மேலே புழுதி படிந்தது, உறைமண் மட்டம் மேலே ஏறி வேரைப் பூட்டிவைத்தது. பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள் இதே வேலை. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் இப்படிச் சேர்ந்த பனியுகப் புழுதி மண்ணுக்கு யெடோமா என்று பெயர். கன அளவில் பாதிக்கு மேல் ஐஸ் இருக்கும். நடுநடுவே புல்வேர், எலும்பு. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் அருகே ஃபாக்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் 1960-களில் உறைமண்ணைக் குடைந்த சுரங்கம் ஒன்று உண்டு. உள்ளே போகிறவர்கள் முதலில் பேசுவது அதன் நாற்றத்தைப் பற்றித்தான். மக்காமல் நின்றுபோன பழைய உயிர்ப்பொருளின் வீச்சம் அது. கோலிமா கரையில் இதே வகை மண்ணில் கிடைத்த, சுமார் 32,000 ஆண்டு பழைய காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய ஆய்வாளர்கள் செடியையே வளர்த்துப் பூக்க வைத்தார்கள், 2012-இல் அது வெளியானது. உறைமண் எவ்வளவு நன்றாகப் பூட்டி வைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இட்லி மாவைப் ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பது ஏறக்குறைய நிற்கும், வெளியே எடுத்து வைத்தால் மறுநாள் காலை பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கும். உறைமண் உருகும்போது நடப்பதும் அதே மாதிரிதான்: நுண்ணுயிர்கள் விழித்துச் சாப்பிட ஆரம்பிக்கின்றன. என்ன வாயு வரும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. மண் வடிந்து காய்ந்திருந்தால் ஆக்சிஜன் கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடு வரும். நீர் தேங்கி நின்றால் ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேன் வரும். நாற்றங்கால் சேற்றில் கால் வைத்தால் புளுக் புளுக்கென்று குமிழி வருமே, அதே வாயு, அதே வகை நுண்ணுயிர். நெற்பயிரின் தண்டு மீத்தேனை மேலே கொண்டுவரும் குழாயாக வேலை செய்வதுபோல், ஆர்க்டிக் சதுப்பில் கோரைகள் அந்த வேலையைச் செய்கின்றன. கோரை இல்லாத இடத்தில் வாயு மெதுவாக மண்ணைக் கடந்து வர வேண்டும். வழியில் மீத்தேனையே தின்னும் பாக்டீரியாக்கள் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்குச் சூடாக்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் காற்றில் சிதைந்துவிடும். ஆகவே ஒரு மேடு காய்கிறதா, பள்ளமாகி நீர் தேங்குகிறதா என்ற சின்ன விஷயம் வளிமண்டலத்தின் வரவு செலவை மாற்றுகிறது.

பள்ளமாவதுதான் கவலைக்குரிய பகுதி. உறைமண்ணில் ஆப்பு வடிவத்தில் ஐஸ் கட்டிகள் நிற்கும். அவை உருகினால் நிலம் இறங்கும், குழியில் நீர் சேரும். கருமையான நீர் வெயிலை விழுங்கும். இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமானால் குளிர்காலத்திலும் அடிவரை உறையாது. ஏரிக்குக் கீழே ஆண்டு முழுக்க உருகிய மண்கிண்ணம் ஒன்று உருவாகும். ரஷ்யர்கள் அதைத் தாலிக் என்பார்கள், இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நுண்ணுயிருக்குக் குளிர்கால விடுமுறையே இல்லாமல் போகும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்டர் ஆந்தனி இந்த ஏரிகளில் உறைந்த மேற்பரப்பில் நடந்து, ஐஸுக்குள் அடுக்கடுக்காகச் சிறைப்பட்ட வெள்ளைக் குமிழிகளை எண்ணிக் கணக்கிட்டவர். கம்பியால் குத்தித் தீப்பொறி காட்டினால் ஆளுயரத்துக்குச் சுவாலை எழும். சைபீரிய ஏரிகளின் குமிழிகளில் இருந்த மீத்தேனின் கார்பன் வயதைப் பார்த்தால் சில இடங்களில் 40,000 ஆண்டை நெருங்கியது. பனியுகத்துப் புல் இன்று வாயுவாக வெளியே வருகிறது.

செடிகள் இதை ஈடுகட்டாதா என்று கேட்கலாம். கொஞ்ச காலம் ஈடுகட்டும். டெட் ஷூர் என்ற ஆய்வாளரின் குழு அலாஸ்காவின் ஹீலி அருகே, வெவ்வேறு காலமாக உருகிவரும் நிலத்துண்டுகளை ஒப்பிட்டது. பதினைந்து ஆண்டு அளவில் உருகியிருந்த இடத்தில் செடிகள் செழித்து, வெளியேறியதைவிட அதிகமாகவே கார்பனை உள்ளே இழுத்திருந்தன. பல பத்தாண்டுகள் உருகிய இடத்திலோ பழைய கார்பனின் வெளியேற்றம் செடிகளை முந்திவிட்டது. முதல் சில ஆண்டுகள் மட்டும் அளந்துவிட்டு 'பச்சை பிடிக்கிறது, நல்லதுதான்' என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரே இடம் போதுமான பதில். இப்போது நிலைமை என்னவென்றால், காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆர்க்டிக் துந்திரா (மரமில்லாத, பாசியும் புதரும் மூடிய நிலம்) கார்பனை இழுக்கும் இடமாக இருந்தது போய், வெளியே விடும் இடமாகிவிட்டது என்று கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு 2024 அறிக்கையில் சொன்னது.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-இல் அலாஸ்காவின் அனக்டூவுக் ஆற்றுப் பகுதியில் மின்னல் விழுந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் துந்திரா எரிந்தது. சுமார் 21 லட்சம் டன் கார்பன் ஒரே பருவத்தில் காற்றுக்குப் போனது. அதைவிட முக்கியம், எரிந்தது பாசி. அடுத்த ஆண்டுகளில் அந்த நிலம் பல இடங்களில் தாழ்ந்தது.

காலம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு, வாயு கோடையில்தான் வரும் என்று. உறைமண்ணுக்கு மேலே கோடைதோறும் உருகும் மேல்மண், முன்பனிக்காலத்தில் மேலிருந்தும் கீழிருந்தும் உறைந்து வரும்போது, நடுவில் ஒரு ஈரமான அடுக்கு வாரக்கணக்கில் 0 டிகிரியிலேயே நிற்கும். அங்கே நுண்ணுயிர் வேலை தொடரும், உறையும் மண் அழுத்தி வாயுவைப் பிதுக்கும். வடகிழக்கு கிரீன்லாந்தின் ஸாக்கன்பெர்க் நிலையத்தில் 2007-இல் வழக்கத்தைவிட நெடுநாள் தங்கி அளந்தபோதுதான் இது சிக்கியது. உறையும் அந்தச் சில வாரங்களில் வந்த மீத்தேன், கோடை முழுவதும் வந்ததற்குச் சமமாக இருந்தது. அலாஸ்காவின் ஐந்து இடங்களில் அளந்தபோதும் ஆண்டு மீத்தேனில் பாதியாவது குளிர்மாதங்களில்தான் வெளியேறியது. கோடை முடிந்ததும் ஆய்வாளர்கள் ஊர் திரும்பிவிட்டால் கணக்கில் பாதி போய்விடும் என்பது அதுவரை பலருக்கு உறைக்கவில்லை.

இனிக் குண்டு. இல்லை என்பதுதான் என் பதில். கடலடியில் உறைந்த மீத்தேன் ஹைட்ரேட் (ஐஸ் கூட்டுக்குள் சிக்கிய மீத்தேன்) கிளம்பி ஒரே மூச்சில் எல்லாம் முடிந்துவிடும் என்ற கதைக்கு, பூமியே ஒருமுறை பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. சுமார் 11,600 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் கடைசியில் வெப்பநிலை சட்டென்று ஏறியது. அந்தக் காலக் காற்று அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்று ஐஸில் குமிழிகளாக இருக்கிறது. வாசிலி பெட்ரென்கோவின் குழு ஒவ்வொரு மாதிரிக்கும் சுமார் ஒரு டன் ஐஸை உருக்கி, அந்த மீத்தேனின் கார்பன் 14-ஐ, அதாவது வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பனை, அளந்தது. மிகப் பழைய மீத்தேன் பெருமளவில் வந்திருந்தால் கார்பன் 14 குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை. ஈரநிலங்களின் புது மீத்தேன்தான் அன்று அதிகரித்திருந்தது.

குண்டு இல்லை என்றால் நிம்மதி என்று பொருள் இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 6-ஆவது அறிக்கை, உலகம் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 2100-க்குள் உறைமண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடாக மட்டும் 1,800 கோடி டன் கார்பன் வரும் என்கிறது. 300 கோடியாகவும் இருக்கலாம், 4,100 கோடியாகவும் இருக்கலாம் என்று வீச்சும் தருகிறது. நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் ஓராண்டில் விடுவது சுமார் 1,000 கோடி டன். ஆக 2 டிகிரிக்கு உறைமண்ணின் பங்கு, இன்றைய வேகத்தில் நாம் மூன்றரை ஆண்டில் விடுவதற்குச் சமம். நூற்றாண்டு முழுக்கப் பரவி வரும் அது குண்டு மாதிரி இல்லை, ஒழுகும் குழாய் மாதிரி. மீத்தேன் இதற்கு மேல். திடீரெனச் சரிந்து உருகும் பகுதிகளைப் பெரும்பாலான கணினிக் காலநிலை மாதிரிகள் இன்னும் கணக்கில் எடுப்பதில்லை. அவை பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான், ஆனால் உறைமண் கார்பனில் பாதியை அவை தொடக்கூடும்.

உருகியது மறுபடி உறையுமா என்றும் சிலர் கேட்பார்கள். மண் உறையும். 1978-இல் கனடாவின் மெக்கன்ஸி கழிமுகம் அருகே ராஸ் மக்காய் என்ற புவியியலாளர், உறைமண் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு ஏரிக்கு வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார். ஏரியின் பெயர் இல்லிசார்விக். நீர்ப்போர்வை போன முதல் குளிர்காலத்திலேயே ஏரிப்படுகை உறைய ஆரம்பித்தது. வெளியேறிய கார்பன் மட்டும் அதனால் திரும்பாது. அது மறுபடி சேரப் புழுதியும் வேரும் ஆயிரமாயிரம் ஆண்டு வேலை செய்ய வேண்டும். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சில ஆண்டுகளில் படுகையில் வில்லோ புதர்கள் முளைத்தன. குளிர்காலக் காற்று அடித்துக்கொண்டு வந்த பனியைப் புதர்கள் பிடித்து வைத்துக்கொண்டன. பனி தடித்த இடங்களில், புதிதாக உறைந்த மண் மறுபடி சூடேறத் தொடங்கியது.